முதல் சூடு

வெள்ளைத் துணிக்கு வியாழக்கிழமை. மற்ற நாட்களில் வரும் வெள்ளையைத் தனியாகக் கட்டி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுவாள். வியாழன் விடிவதற்கு முன்பே எழுந்து, மேசை விரிப்பை உருவிவிட்டு வேறு விரித்து, இஸ்திரிப் பெட்டியின் அடியை ஈரத்துணியால் துடைத்து, மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவுவாள். அதற்கப்புறம்தான் பெட்டிக்குள் கரி.

முதல் சூடு வாடிக்கைக்காரர்களுக்கு. அது அவள் போட்ட சட்டம். கரி நன்றாகக் கனிந்து, புகை அடங்கி, பெட்டி சீறாமல் வழுக்கும் அந்த முதல் ஒரு மணி நேரச் சூட்டில் வீட்டுத் துணி எதுவும் ஏறாது. வீட்டுத் துணிக்குக் கடைசிச் சூடு. கரி சாம்பல் பூத்து, பெட்டி ஆறிக்கொண்டு வரும்போது மிஞ்சுவது. அதனால் அவள் புருஷன் சட்டையில் பாதிச் சுருக்கம் அப்படியே இருக்கும். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான்.

அவர் லாரி ஓட்டினார். மாதத்தில் மூன்று நாள் வீட்டில் இருப்பார். வந்ததும் தூங்குவார், எழுந்து சாப்பிடுவார், துவைத்த சட்டைகளை வாங்கிக்கொண்டு போவார். "சுருக்கத்தை ரோட்டுல யாரு பாக்கப்போறா" என்பார். எதிரே வரும் விளக்குகள் கண்ணில் சிதற ஆரம்பித்ததும் ஒருநாள் வண்டிச் சாவியை முதலாளி மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். புரை. ஆபரேஷன் பண்ணிக்கொள்ளலாம் என்றார்கள். "பாக்கலாம்" என்றார். பார்த்துப் பார்த்து எட்டு மாதம் ஓடிவிட்டது.

தெருவில் அவளை இஸ்திரிக்காரம்மா என்பார்கள். அவர் வேலையை விட்ட பிறகும் டிரைவர்தான்.

குளிர் தொடங்கிய வாரத்தில் அவள் கை மடங்க மறுத்தது. முதலில் காலையில் மட்டும். எழுந்தவுடன் விரல்கள் மரக்குச்சி மாதிரி நிற்கும். அரைமணி நேரம் தேய்த்து, உதறி, அடுப்பங்கரையில் காட்டி, வழிக்குக் கொண்டுவருவாள். பிறகு கட்டைவிரலின் அடியில் ஒரு வலி குடியேறியது. ஆறு கிலோ பெட்டியைத் தூக்கி நிறுத்தும்போதெல்லாம் அது எழுந்து உட்காரும். இடது கையும் சேர்ந்துகொண்டது. பெட்டிக்கு முன்னால் போய்த் துணியை நீவிக் கொடுக்கும் கை அது. நீவும்போது மோதிர விரல் நேராகப் படுக்கவில்லை.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. பின்தெருவில் இன்னொரு இஸ்திரிக்காரி இருந்தாள். கை வலிக்கிறதென்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெட்டியைத் தொடாதே என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதம் அவள் மேசையை யாரோ வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். இப்போது அவள் மருமகள் வீட்டு வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

டிரைவர் கண்டுபிடித்தது டீ குடிக்கும்போது.

"கைக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

"பின்ன ஏன் டம்ளரைக் கும்பிட்டுத் தூக்கற?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். ஒரு கையால் எடுத்துக் காட்டலாம் என்று விரலை மடக்கினாள். முகம் அவளைக் கேட்காமல் சுளித்தது.

"எத்தனை நாளா?"

"உங்களுக்கு ஏன் அது?"

"இல்ல, கேட்டேன்."

"இத்தனை வருஷம் கேக்காதவரு இப்ப ஏன் கேக்கறீங்க?"

அவர் டீயை உறிஞ்சினார். பிறகு, "டாக்டரம்மா நம்ம வாடிக்கைதானே. கோட்டு குடுக்கப் போறப்ப ஒரு வார்த்தை…"

"அந்த வேலையே வேணாம்." அவள் குரல் உயர்ந்தது. "பெட்டியைக் கீழ வைன்னுதான் சொல்லுவாங்க. வெச்சுட்டு நான் என்ன பண்றது? உங்களோட சேந்து சுவத்தைப் பாக்கறதா? அவங்ககிட்ட வாயைத் திறந்தீங்க, அன்னையோட உங்ககிட்டப் பேசறதை விட்டுருவேன்."

"மாசத்துல மூணு நாள்தான் பேசிட்டிருந்தோம். இப்பத்தான் கொஞ்சம் சேத்துப் பேச ஆரம்பிச்சிருக்கோம். அதையும் விட்டா எப்படி?"

"சத்தியம் பண்ணுங்க."

"உன் கைமேலயா? அது ஏற்கெனவே வலிக்குது."

ஆனால் பண்ணினார். அவள் கையைத் தொடாமல், அதற்கு மேலே ஓர் அங்குலம் விட்டு, தன் கையை நீட்டிப் பண்ணினார்.

மறுநாளிலிருந்து அவர் அடுப்பங்கரைக்குள் வந்தார்.

அதுவரை அந்த இடத்தில் தண்ணீர்க் குடம் எங்கே இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. உப்புக்கும் சர்க்கரைக்கும் நக்கிப் பார்த்துத்தான் வித்தியாசம் கண்டுபிடித்தார். ஆனால் ரோட்டில் இருக்கிறவர்களுக்கு வலி தெரியும். முதுகு, முட்டி, கழுத்து என்று ஒவ்வொருவனும் ஒரு வலியை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடுகிறான். ஒவ்வொருவனிடமும் ஒரு மருந்து இருக்கிறது. டிரைவர் போனை எடுத்தார். யாருக்கு என்று சொல்லாமல், "கை வலிக்கு என்னடா பண்ணுவீங்க?" என்று கேட்டார். பதில் நாலு திசையிலிருந்தும் வந்தது.

"இஞ்சியைத் தட்டி வெந்நீர்ல கொதிக்க வைக்கணுமாம். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

"சரி."

"வெந்தயத்தை ராத்திரியே ஊறவெச்சு வெறும் வயித்துல."

"சரி."

"கத்திரிக்காய் ஆகாது. தக்காளி ஆகாது. உருளைக்கிழங்கும் ஆகாதுன்னு ஒருத்தன் சொல்றான். புளி கூடவே கூடாதாம்."

"அப்ப எது ஆகும்? காத்து?"

"மீன் ஆகும். மத்தி மீன். சின்னதா இருக்கும் பாரு, எண்ணெய் வழியும். அது ரொம்ப நல்லதாம்."

"யாரு சொன்னது?"

"மீன் லோடு ஓட்டறவன்."

"அவன் வேற என்ன சொல்லுவான்?"

காய்க்காரி எதிர் வாசலில் கடை போட்டிருந்தாள். அவளுக்குக் கண்ணும் பெரிது, வாயும் பெரிது. டிரைவர் தினமும் இஞ்சியை மோந்து மோந்து பொறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, இஞ்சித் தோட்டம் எதாவது போடப்போறீங்களா?"

"ஏன், விக்கமாட்டியா?"

"விக்கறேன். ஆனா ஒரு வாரமா நீங்க கத்திரிக்காய்ப் பக்கம் திரும்பவே இல்ல. அது கோவிச்சுக்கிட்டு வாடிப்போச்சு." மேசைப் பக்கம் திரும்பிக் கத்தினாள். "அக்கா! மாமாவுக்கு வயிறு சரியில்லையா?"

"அவருக்கு வேலை சரியில்ல" என்றாள் இஸ்திரிக்காரம்மா பெட்டியை நகர்த்திக்கொண்டே. வலியைப் பல்லில் கடித்துக்கொண்டு சிரிப்பது எப்படி என்று அதற்குள் பழகிவிட்டிருந்தாள்.

டிரைவரிடம் பழைய ட்ரிப் நோட்டு ஒன்று இருந்தது. எந்த ஊர், எத்தனை மணிக்குக் கிளம்பியது, எங்கே நின்றது என்று எழுதி வைத்த நோட்டு. அதில் பின்பாதி காலி. தினமும் காலையில் அவள் எதிரே உட்கார்ந்துகொண்டு, "இன்னைக்கு எத்தனை?" என்பார். எத்தனை விரல் உள்ளங்கையைத் தொடுகிறது என்று கேள்வி. அவள் மடக்கிக் காட்டுவாள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாததால் தன் விரலால் தொட்டு எண்ணுவார். பிறகு நோட்டை மூக்குவரை கொண்டுபோய்ப் பெரிய பெரிய எழுத்தில் எழுதுவார்.

திங்கள். வெந்தயம், இஞ்சி. இரண்டு விரல்.

செவ்வாய். இஞ்சி, உப்பு ஒத்தடம். ஒன்று. நேற்று லாட்ஜ் பெட்ஷீட் நாற்பது போட்டாள்.

புதன். வெந்நீரில் கை. மூன்று. கோபமாக இருக்கிறாள்.

"கடைசியா என்ன எழுதினீங்க?"

"ரூட்ல என்ன நடந்தாலும் எழுதணும். அது பழக்கம்."

அவர் செய்தது எல்லாம் சரியாக வரவில்லை. வெந்தயத்தை ஒருநாள் ஊறவைக்க மறந்து வறுத்துக் கொடுத்தார். அது கசந்த கசப்பில் அவள் மத்தியானம்வரை யாரிடமும் பேசவில்லை. பூண்டைப் பாலில் போட்டு அடுப்பில் வைத்துவிட்டு போன் பேசப் போய்விட்டார். பால் பொங்கி அடுப்பை அணைத்தது. வீடு முழுக்க மூன்று நாள் பூண்டு. ஒரு வாடிக்கைக்காரர் சட்டையை மோந்து பார்த்துவிட்டு, "சாப்பிட்டீங்களாம்மா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ஆனால் வெந்நீர் மட்டும் நன்றாக வந்தது. விடியும் முன் அவர் எழுந்து தண்ணீர் காய வைப்பார். கை பொறுக்கிற சூட்டில் ஒரு வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி, கல்லுப்பு ஒரு பிடி போட்டு, அவள் படுக்கைக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைப்பார். அவள் அரைத் தூக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையையும் உள்ளே விடுவாள். சூடு தோல் வழியாக எலும்புக்கு இறங்கும். அவர் எதிரே உட்கார்ந்து, தண்ணீருக்குள்ளேயே ஒவ்வொரு விரலாகப் பிடித்து மடக்கி நீட்டுவார். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கை அது. அழுத்தம் எவ்வளவு என்று அதற்குத் தெரிந்திருந்தது.

அந்த நேரத்தில் இருவரும் பேசமாட்டார்கள்.

அவள் ஒருநாள் யோசித்தாள். கல்யாணமான புதிதில்கூட இவர் தன் கையை இவ்வளவு நேரம் பிடித்ததில்லை. அதைச் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. "தண்ணி ஆறிப்போச்சு" என்றாள்.

மப்பு போட்ட வாரம் அது. வெயில் கண்ணில் படவில்லை. துணி காயாமல் ஈரமாகவே வந்தது. ஈரத் துணிக்குப் பெட்டியை இன்னும் அழுத்த வேண்டும். புதன் சாயங்காலம் அவள் கை இரண்டும் வீங்கிச் சிவந்து கிடந்தது. நாளை வெள்ளை. டாக்டரம்மாவின் கோட்டு ஆறு.

டிரைவர் ஒரு கிண்ணத்துடன் வந்தார். மஞ்சள்தூளை இஞ்சிச் சாற்றில் குழைத்து இளஞ்சூடாகக் காய்ச்சியிருந்தார்.

"இது யாரு சொன்னது? மீன் லோடா, மாட்டு லோடா?"

"யாரும் சொல்லல. தெரிஞ்சதெல்லாம் பண்ணியாச்சு. இது மட்டும்தான் பாக்கி. காட்டு."

இரண்டு கையிலும் பூசி, பழைய பருத்தித் துணியைச் சுற்றிக் கட்டினார். கட்டின கையோடு அவளால் சோறு பிசைய முடியாது. அவரே கரண்டியால் ஊட்டினார். இரண்டாவது வாயிலேயே, "போதும், எனக்கென்ன பச்சைக் குழந்தையா" என்றாள். ஆனால் மூன்றாவதுக்கும் வாயைத் திறந்தாள்.

வியாழன் விடியும் முன் அவள் எழுந்து கட்டைப் பிரித்தாள். காய்ந்த மஞ்சள் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. கையை வெந்நீரில் விட்டு எடுத்தாள். வழக்கம்போல விரலை மடக்கினாள்.

மடங்கியது.

நான்கு விரலும் உள்ளங்கையைத் தொட்டன. வலி எங்கோ இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் கை அவள் சொன்னதைக் கேட்டது. இன்னொரு தடவை மடக்கினாள். விரித்தாள்.

"நாலு" என்றாள்.

டிரைவர் தொட்டுப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. "நாலு!" என்று கத்தினார். நோட்டைத் தேடி ஓடினார். கால் பாத்திரத்தில் இடித்துத் தண்ணீர் கொட்டியது.

அவள் நேராகப் பெட்டிக்குப் போனாள். விரிப்பை மாற்றினாள். பெட்டியைத் துடைத்தாள். கரியைப் போட்டு ஊதினாள். பெட்டியைத் தூக்கினாள், வந்தது. முதல் கோட்டை உதறி விரித்து, தண்ணீர் தெளித்து, இடது கையால் நீவி, வலது கையால் பெட்டியை ஓட்டினாள். இடது முன்னே, வலது பின்னே. எத்தனை நாளாயிற்று இப்படி ஓட்டி! கோட்டின் முதுகில் பெட்டி நீரில் போகும் படகு மாதிரிப் போனது. ஆறு கோட்டும் முடிந்தபோதுதான் தெருவில் வெளிச்சம் வந்தது. அடுக்கைக் கவிழ்த்து, முதலில் போட்டது மேலே வரும்படி வைத்துத் துணியால் கட்டினாள். டிரைவர் எடுத்துக்கொண்டு போனார்.

அப்புறம்தான் கஞ்சி குடிக்க உட்கார்ந்தாள். டம்ளரை ஒரே கையால் எடுத்தாள். பகல் வெளிச்சத்தில் கையைப் பார்த்தாள். ரேகைகளிலெல்லாம் மஞ்சள்.

மூன்று தடவை கை கழுவவில்லை. ஒரு தடவைகூடக் கழுவவில்லை. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை.

மேசைக்கு ஓடினாள். பல்பைப் போட்டு விரிப்பைப் பார்த்தாள். வெள்ளையாக இருந்தது. பல்பை அணைத்துவிட்டுப் பார்த்தாள். அங்கங்கே மஞ்சள் தீற்றல். மஞ்சள் விளக்கின் கீழே மஞ்சள் தெரியாது. ஈரத் துணிமேல் மஞ்சள் கையை வைத்து, அதன்மேல் சூட்டையும் ஏற்றியிருக்கிறாள்.

டிரைவர் திரும்பி வந்தார்.

"கோட்டு?"

"குடுத்துட்டேன். நர்ஸு வாங்கி வெச்சாங்க."

"கட்டைப் பிரிச்சாங்களா? கறை இருந்துச்சா?"

"என்ன கறை? எனக்கு எட்டு மாசமா எல்லா வெள்ளையும் மஞ்சளாத்தான் தெரியுது. உன் மூஞ்சியே மஞ்சளாத்தான் தெரியுது."

அவள் மேசைக்குக் கீழே உட்கார்ந்துவிட்டாள். அவருக்கு விஷயம் புரிந்தது. "நான் போய் என் கைதான்னு சொல்லிட்டு வரேன்" என்றார்.

"வேணாம். இன்னும் கெடுக்காதீங்க."

மத்தியானம் வரை எதுவும் நடக்கவில்லை. கரி ஆறியது. மற்ற துணிகளை அவள் எடுக்கவே இல்லை.

ஒரு மணிக்குக் காய்க்காரியின் குரல் கேட்டது. "அக்கா, டாக்டரம்மா வராங்க! நடந்தே வராங்க!" பிறகு, டாக்டரம்மா அவளைக் கடந்ததும், வேறொரு குரலில், "அய்யய்யோ, அக்கா!"

டாக்டரம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். சின்ன உருவம். வேகமான நடை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். கோட்டைப் போட்டிருந்தாள். வெள்ளையாக, மடிப்புக் கலையாமல் இருந்தது. இஸ்திரிக்காரம்மாவுக்கு மூச்சு வந்தது.

டாக்டரம்மா திரும்பி நின்றாள்.

முதுகின் நடுவே ஒரு கை. ஐந்து விரலும் உள்ளங்கையும், வரைந்து வைத்த மாதிரி.

"காலையிலேருந்து இதோடதான் சுத்திட்டு இருக்கேன்" என்றாள் திரும்பாமலே. "என் முதுகு எனக்குத் தெரியாதே. ஒருத்தர் கேக்கறாரு, யாரு டாக்டர் உங்களை முதுகுல தட்டிக் குடுத்ததுன்னு. இருபது பேரைப் பாத்தப்புறம் கேக்கறாரு. அதுவரைக்கும் எல்லாரும் மரியாதையா இருந்திருக்காங்க."

"டாக்டரம்மா, நான்…"

"என் கைங்க" என்றார் டிரைவர் முன்னால் வந்து. "நான்தான் தெரியாம வெச்சுட்டேன். மஞ்சத்தூள் அரைச்சிட்டு இருந்தேன்."

டாக்டரம்மா கோட்டைக் கழற்றி மேசைமேல் விரித்தாள். "வைங்க."

"என்னங்க?"

"உங்க கையை அதுமேல வைங்க."

அவர் வைத்தார். அவர் கைக்குக் கீழே அந்தக் கை காணாமல் போனது. டாக்டரம்மா சிரிக்காமல் பார்த்தாள்.

"மோதிர விரல் நேரா இல்ல, மடங்கிப் பதிஞ்சிருக்கு. ஆள்காட்டி விரல் நுனி ஒருபக்கமா சாஞ்சிருக்கு. மூட்டெல்லாம் தடிச்சிருக்கு. இது வலிக்கற கை." இஸ்திரிக்காரம்மா பக்கம் திரும்பினாள். "ஆறு வருஷமா என் கோட்டுல நான் ஒரு பொட்டுக்கறை பாத்ததில்ல. காட்டுங்கம்மா."

இஸ்திரிக்காரம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"காட்டினா என்ன சொல்லுவீங்கன்னு தெரியும்."

"என்ன சொல்லுவேன்?"

"பெட்டியைத் தொடாதேன்னு சொல்லுவீங்க."

டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எனக்கு ஆறு கோட்டு இருக்கு. ஆறையும் நானே தேய்ச்சுக்கணும்னா ஆஸ்பத்திரியை மூடணும். காட்டுங்க."

காட்டினாள். டாக்டரம்மா ஒவ்வொரு மூட்டாக அழுத்திப் பார்த்தாள். காலையில் எவ்வளவு நேரம் மரத்திருக்கிறது, எப்போது ஆரம்பித்தது, முட்டி வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போனாள். பாதிக் கேள்விக்கு இஸ்திரிக்காரம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. டிரைவர் உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து நீட்டினார்.

டாக்டரம்மா முதல் பக்கத்தைப் பார்த்தாள். "இது என்ன, இரும்பு லோடு பன்னெண்டு டன்?"

"பின்னாலேருந்து பாருங்க."

பின்னாலிருந்து பார்த்தாள். ஒரு பக்கம், இரண்டு பக்கம், ஏழு பக்கம். காய்க்காரி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளும் பேசவில்லை, அது அதிசயம்.

"யாரு எழுதினது?"

"நான்தாங்க."

"என்கிட்ட வர்ற ஒருத்தரும் இப்படி எழுதிட்டு வந்ததில்ல." ஒரு வரியில் விரலை வைத்தாள். "இங்க பாருங்க. வெந்தயம் குடுத்த நாள்ல விரல் கூடவும் இல்ல, குறையவும் இல்ல. அது பாட்டுக்கு இருக்கு. ஆனா பெட்ஷீட் போட்ட மறுநாள் ஒவ்வொரு தடவையும் ஒண்ணு. இதோ ஒண்ணு. இதோ ஒண்ணு. வெந்நீர்ல வெச்ச மத்த நாளெல்லாம் மூணு. நேத்து மஞ்சள் கட்டிப் படுத்தாங்க, சூடு ராத்திரி முழுக்கக் கையிலயே இருந்திருக்கு, நாலு. நோட்டு நல்லா பேசுது."

"கத்திரிக்காயை நிறுத்தினது தப்பா?" என்றாள் வாசலிலிருந்து காய்க்காரி.

"கத்திரிக்காய் என்ன பாவம் பண்ணுச்சு? சாப்பிட்டுட்டு வலி கூடினா விடுங்க. கூடலன்னா சாப்பிடுங்க." டாக்டரம்மா இஸ்திரிக்காரம்மாவைப் பார்த்தாள். "இஞ்சித்தண்ணி குடிங்க. மீனும் கீரையும் சாப்பிடுங்க. வெந்நீரை விடவே விடாதீங்க. ஆனா அதுங்க மட்டும் பத்தாது. நாளைக்கு வந்து இரத்தம் குடுங்க, எந்த வாதம்னு பாத்து மாத்திரை தரேன். நானா நிறுத்தச் சொல்ற வரைக்கும் நிறுத்தக்கூடாது."

"பெட்டி?"

"இந்தப் பெட்டி வேணாம்."

இஸ்திரிக்காரம்மாவின் முகம் விழுந்தது.

"கனம் இல்லாத பெட்டி வாங்குங்க. கைப்பிடியில துணியைச் சுத்தித் தடிமனாக்கிக்குங்க, விரல் ரொம்ப மடங்காது. ஒரு மணி நேரம் போட்டா கால் மணி நேரம் உக்காருங்க. பெட்ஷீட் மட்டும் இனிமே வாங்காதீங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

இஸ்திரிக்காரம்மா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். "கோட்டு…" என்றாள். "அலசி வெயில்ல போட்டா போயிரும். சோப்பு மட்டும் படக்கூடாது. பட்டா சிவந்துரும்."

"பட்டாச்சு. இரண்டாவது கோட்டுக்கு நர்ஸு சோப்புப் போட்டா. இரத்தம்னு நினைச்சு அவளே அலறிட்டா." டாக்டரம்மா எழுந்தாள். வாசல் வரை போய் நின்றாள். டிரைவரைப் பார்த்தாள். "இவங்க கையைப் பாத்துக்கிட்டீங்க. நோட்டை மூக்குல ஒட்டிவெச்சு எழுதறீங்களே, உங்க கண்ணை யாரு பாக்கறது?"

"பாக்கலாங்க" என்றார் டிரைவர்.

"நான் பாத்துக்கறேன்" என்றாள் இஸ்திரிக்காரம்மா.

மறுநாள் மப்பு விலகியது. திரும்பி வந்த ஆறில் மூன்று கோட்டில் கறை இருந்தது. முதல் கோட்டில் முழுக் கை, இரண்டாவதில் விரல்கள் மட்டும், மூன்றாவதில் ஒரு நிழல். அலசிக் கொடியில் போட்டாள். சோப்புப் பட்டது அலச அலசச் சிவப்பு இறங்கி மறுபடி மஞ்சளானது. மணிக்கு ஒரு தடவை டிரைவர் போய்க் கோட்டுக்கு முன்னால் நின்றார்.

"போச்சா?"

"இப்படி முன்னால நின்னா எப்படிப் போகும்? தள்ளி நில்லுங்க, வெயிலை மறைக்கறீங்க."

நிழல் அன்றே போனது. விரல்கள் மறுநாள். முழுக் கை மட்டும் மூன்று நாள் வெயிலைக் குடித்தது. முதலில் விரல் நுனிகள் போயின, பிறகு உள்ளங்கை. கடைசியாக மடங்கிய மோதிர விரல் கொஞ்ச நேரம் தனியாக நின்றுவிட்டு அதுவும் போனது. காய்க்காரி கடையிலிருந்தே, "அக்கா, டாட்டா காட்டுது பாருங்க!" என்றாள்.

மின்சாரப் பெட்டி வந்தது. அவள் கையில் எடுத்து எடை பார்த்தாள். "இது பெட்டியா, சோப்பு டப்பாவா?" கைப்பிடியில் பழைய துணியைச் சுற்றினாள். இரண்டு நாள் திட்டிக்கொண்டே போட்டாள். மூன்றாம் நாள் திட்ட மறந்துவிட்டாள். மாத்திரை, வெந்நீர், இஞ்சி. காலையில் மூன்று விரல், சில நாள் நான்கு. சில நாள் இரண்டு; அன்றைக்கு உட்கார்ந்துகொள்வாள்.

பெட்ஷீட்டை லாட்ஜுக்குத் திருப்பி அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. டிரைவர் கரிப்பெட்டியைக் கையில் எடுத்தார்.

"உங்களுக்கு என்ன தெரியும்?"

"பெட்ஷீட்டு நேர் ரோடு. சட்டைதான் மலைப்பாதை, அது உன்னுது. நேர் ரோட்டுல எனக்குக் கண்ணே வேணாம்."

முதல் நாள் ஒரு ஷீட்டில் சாம்பலைக் கொட்டினார். இரண்டாம் நாள் ஓரம் பார்த்து மடிக்கக் கற்றுக்கொண்டார்.

அவள் சொன்ன மாதிரியே கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் வாங்கினாள். வியாழக்கிழமைதான் கிடைத்தது. பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

அன்றும் விடியும் முன்பே எழுந்தாள். வெந்நீர் தயாராக இருந்தது. அவர் விரல்களை எண்ணினார். "நாலு." கையைத் துடைத்துவிட்டார். அவள் சோப்பை எடுத்து மூன்று தடவை கழுவினாள். விரிப்பை மாற்றினாள். மேல்தட்டில் டாக்டரம்மாவின் ஆறு கோட்டும் கட்டாக இருந்தன. அவள் அதைத் தொடவில்லை. கொடியிலிருந்து அவருடைய நீலச் சட்டையை உருவி மேசைமேல் விரித்தாள்.

மின்சாரப் பெட்டிக்கு முதல் சூடு, கடைசிச் சூடு என்று கிடையாது. எப்போதும் ஒரே சூடுதான். ஆனால் அவளுக்கு உண்டு. அவருக்கும் அது தெரியும்.

"ஏய், அது என் சட்டை."

"தெரியும்."

"வெள்ளை காத்திருக்கு."

"காத்திருக்கட்டும்."

காலர், தோள்பட்டை, கை. இடது கை முன்னே போய் நீவியது, பெட்டி பின்னால் வந்தது. அவர் பக்கத்தில் வந்து நின்றார். துணியிலிருந்து எழும்பிய சூடு அவர் முகத்தில் பட்டது.

"எதுக்கு இவ்வளவு தேய்க்கற? கண்ணு ஆபரேஷன் பண்றவங்க சட்டையையா பாக்கப்போறாங்க?"

அவள் சட்டையைத் திருப்பி முதுகுப் பக்கத்தை விரித்தாள்.

"அவங்க பாக்கமாட்டாங்க. கட்டைப் பிரிச்சதும் நீங்க பாப்பீங்கல்ல."